தெற்கத்தி இனிப்புத் தட்டு: எது நிற்கும், எது ஒழுகும், எதற்கு மெனக்கெடலாம்

நிச்சயதார்த்தம், பூச்சூட்டல், புதுவீடு எதுவாக இருந்தாலும் இப்போது மதுரையில் இனிப்புத் தட்டு அடுக்கித் தருகிற கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. வெல்வெட் துணி, ஜரிகை லேஸ், மேலே பளபளவென்று செலோபன் தாள், உள்ளே காஜு கத்லி, நாலு கலர் பர்ஃபி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூ. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. பிரித்துச் சாப்பிட்டால் நாலு கலரும் ஒரே ருசி, அதுவும் வெறும் சீனி ருசி. என் சித்தி மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு அந்த மாதிரி வாங்காமல், தெற்கே இருக்கிற ஊர்களின் இனிப்பை அந்தந்த ஊரிலிருந்தே வரவழைத்து வீட்டிலேயே அடுக்கினோம். எந்த இனிப்பு தட்டில் எப்படி நடந்துகொள்கிறது, எந்தத் தட்டு காசுக்குத் தகும், எதை வாங்கவே வேண்டாம் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்றுதான் இந்த மதிப்புரை. சுருக்கமாக வேண்டுமென்றால்: தூத்துக்குடி மக்ரூன், முதலூர் மஸ்கோத் அல்வா, கோவில்பட்டி கடலை மிட்டாய் இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் திருநெல்வேலி அல்வாவும் ருசியில் இவற்றுக்கு மேலே, ஆனால் தட்டில் வைக்க வேலை வாங்கும். மற்றதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கலர் விஷயம், ஏனென்றால் எல்லோரும் தயங்குவது அங்கேதான். இனிப்பெல்லாம் வந்து இறங்கியதும் சித்தி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் மண்ணு கலர்லயே இருக்கேடா, தட்டு எடுப்பா இருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனித்தனியாகப் பொட்டலத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் பச்சை வாழையிலை மேல் வைத்துப் பாருங்கள்: மக்ரூன் சுத்த வெள்ளை, பால்கோவா இளஞ்சந்தனம், கடலை மிட்டாய் பொன்னிறம், மஸ்கோத் வெளிச்சம் ஊடுருவுகிற தேன் நிறம், அல்வா செம்பழுப்பு, கருப்பட்டி மிட்டாய் ஏறக்குறைய கறுப்பு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒரு வரிசையே இருக்கிறது, ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்கிற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையையே தடை செய்தார்கள், நினைவிருக்கும். எல்லாக் கலர் இனிப்பும் அப்படி என்று சொல்லவில்லை, அனுமதித்த சாயங்கள் இருக்கின்றன, அளவும் இருக்கிறது. ஆனாலும் கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலரைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல் ஒரு அழகான தட்டை அடுக்க முடியும் என்றால் அதைச் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது ஈரம். ஒரு தட்டு இரண்டு மணி நேரத்தில் அசிங்கமாவதற்குக் காரணம் இது ஒன்றுதான். பாகு கசிகிற இனிப்பு, நெய் விடுகிற இனிப்பு, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற இனிப்பு என்று மூன்று ஜாதி. பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று பார்த்து வைக்கிற மாதிரி இவற்றையும் வைக்க வேண்டும். ஒழுகுவதன் பக்கத்தில் இழுப்பதை வைத்தால் இரண்டும் கெடும்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

தூத்துக்குடி மக்ரூன். தட்டுக்கென்றே செய்தது போன்ற இனிப்பு என்று தயங்காமல் சொல்வேன். முட்டையின் வெள்ளைக் கருவையும் சீனியையும் நுரை நிற்கும் வரை அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் உலரவிட்டு எடுப்பார்கள். மேலே ஒரு சின்ன முனை, கீழே அகலம், சுத்த வெள்ளை. போர்ச்சுகீசியர் தூத்துக்குடியில் இருந்த காலத்துப் பழக்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்ச்சுகீசியர்கள்தான். வாயில் போட்டால் வெளியே நொறுங்கும், உள்ளே கரையும், கடைசியில் முந்திரி மட்டும் நாக்கில் நிற்கும். ஆறிப்போன அப்பளத்தை விட வேகமாக இது நமத்துவிடும் என்பதுதான் ஒரே தொல்லை. ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முனை ஒடியும். அதனால் டப்பாவை முன்கூட்டியே திறக்கக் கூடாது. தட்டில் எல்லாவற்றையும் வைத்து முடித்து, மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று போன் வந்த பிறகு கடைசியாக வைக்க வேண்டியது இது. கூரியரில் வரவழைத்தால் உடைந்துதான் வரும், தெரிந்தவர்கள் யாராவது பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருவது மேல். உடைந்ததைப் பொடித்துப் பால் பாயசத்தில் போடலாம், வீணாகாது.

இன்னொரு முக்கியமான விஷயம்: மக்ரூனில் முட்டை இருக்கிறது. பார்த்தால் தெரியாது, வெள்ளையாக, முந்திரி வாசனையோடு இருப்பதால் சைவக்காரர்கள் சும்மா எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். சம்பந்தி வீட்டில் யாராவது முட்டை தொடாதவர்கள் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் மக்ரூனைத் தனித்தட்டில் வைத்து, "முட்டை சேர்த்தது" என்று தெளிவாக ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, கூட்டத்தில் யார் காதிலும் விழாது.

முதலூர் மஸ்கோத் அல்வா. சாத்தான்குளம் பக்கம் இருக்கிற சின்ன ஊர் முதலூர். திருநெல்வேலி அல்வாவுக்கு இருக்கிற பேர் இதற்கு வெளியூரில் இல்லை, எனக்கு அது வருத்தம்தான். நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டுவது இது. தேங்காய்ப்பாலிலிருந்து பிரிகிற எண்ணெயிலேயே வெந்து, சுருண்டு, இறுகி வரும். அதனால் கத்தியால் வெட்டினால் விளிம்பு நேராக நிற்கும், சதுரமாகவோ சாய்சதுரமாகவோ எப்படி வேண்டுமானாலும் போடலாம். வெளிச்சத்துக்கு எதிரே ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே கிடக்கிற முந்திரி தெரியும். தட்டில் இந்த ஒன்றுக்குத்தான் மினுக்கம் இயற்கையாகவே இருக்கிறது. சாளரத்துக்கு நேரே படுகிற பக்கமாக வைத்தால் இன்னும் அழகு. கிண்ணம் வேண்டாம், தொன்னை வேண்டாம், நேராக இலை மேல் வைக்கலாம். கத்தியில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டுங்கள். ரம்பம் அறுக்கிற மாதிரி இழுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். பல்லில் சற்று இழுக்கும், பெரியவர்களுக்குச் சின்னத் துண்டாகப் போடுவது நல்லது.

அப்புறம் திருநெல்வேலி அல்வா. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, தெளியவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டிக் கிண்டி எடுக்கிற பண்டம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் வரிசையில் நின்று இலையில் சூடாக வாங்கித் தின்றவர்களுக்கு அந்த அல்வா பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தட்டில் வைக்கும்போது அது ஒரு பிடிவாதக்காரப் பண்டம். வெட்ட வராது, நிற்காது, மதுரை வெயிலில் நெய் உறையவே உறையாது, அரை மணி நேரத்தில் அடியில் ஒரு குளம் கட்டும். நெய் வெளியே வருவதுதான் நல்ல அல்வாவுக்கு அடையாளம், அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருக்கிற கடலை மிட்டாயும் மக்ரூனும் அந்த நெய்யில் ஊறிவிடும். வழி ஒன்று இருக்கிறது: மந்தாரை இலைத் தொன்னை, பூஜை சாமான் கடையில் கட்டாகக் கிடைக்கும், இருப்பதிலேயே சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். நெய் தடவிய கரண்டியால் ஒரு வாய் அளவு எடுத்துத் தொன்னையில் விட்டு, மேலே ஒரு முழு முந்திரி. தொன்னைகளைத் தட்டின் நடுவில் நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும். சூடாக இருக்கும்போதே தொன்னையில் விட்டால்தான் மேல்பரப்பு தானாகச் சமமாகும். ஆறிய அல்வா என்றால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள், நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், அடிபிடிக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சீனியும் தவிர வேறு எதுவும் இல்லை, அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் தொல்லையும். மாவோ, கோந்தோ சேர்க்காததால் உருவம் என்று ஒன்று கிடையாது. மணல் மணலாக, ஈரமாக, கரண்டியில் எடுத்த எடுப்பில் எப்படி விழுகிறதோ அப்படியே இருக்கும். இதை உருட்டி, அச்சில் வைத்து, மேலே பிஸ்தா ஒட்டி பேடா மாதிரி ஆக்கி வைக்கிறார்கள் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. உருட்டும்போது அந்த மணல் பதம் நசுங்கிப் போகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்ததற்கே அர்த்தமில்லாமல் ஆகிவிடும். அகலமான சின்னக் கிண்ணத்தில் குவியலாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி வைத்தால் போதும். வெண்கலக் கிண்ணமோ, சில்வர் கிண்ணமோ எதுவானாலும் சரி, பால்கோவாவின் நிறத்துக்கு நன்றாகத்தான் இருக்கும்.

பால்கோவாவில் கவனிக்க வேண்டியது நேரம். பால் பண்டம், கோடையில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்க விடாதீர்கள். முதல் நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறீர்கள் என்றால், வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு திறங்கள். சில்லென்று இருக்கும்போது திறந்தால் காற்றிலிருக்கிற ஈரம் மேலே நீராகப் படிந்து, பால்கோவா கசகசவென்று ஆகிவிடும். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் நேர்மாறாக மேல்பரப்பு காய்ந்து கறுக்கும், அதனால் விருந்தினர் வரும்வரை ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி வையுங்கள். வாங்கும்போது "இன்னைக்குப் போட்டதாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. 2020 அக்டோபரிலிருந்து, பொட்டலமில்லாமல் விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ போட்ட விதி. கடைத் தட்டிலே அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது, நிலக்கடலையும் வெல்லப்பாகும், கடித்தால் டக்கென்று உடையும். விலையும் கம்மி. தட்டு அடுக்குகிறவர்களுக்கு இது ஒரு வரம், ஏனென்றால் விளிம்பு நேரான செவ்வகம், அடுக்கினால் உயரம் கிடைக்கும். சின்னத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு ஏற்றினால் தட்டுக்கு ஒரு ஓரத்தில் உயரம் வந்துவிடும், வேறு எந்த இனிப்பையும் இப்படி அடுக்க முடியாது. உருண்டையை விடத் தட்டையான துண்டே தட்டுக்கு ஏற்றது. இதுவும் ஈரம் இழுக்கிற ஜாதிதான், ஆனால் மக்ரூன் அளவுக்கு மோசமில்லை.

சாத்தூர் கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் போட்டு எடுப்பது. சீனிப் பாகில் போட்டால் சீனி மிட்டாய். சாத்தூர், விருதுநகர் பக்கத் திருவிழாக் கடைகளில் மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். இந்தத் தட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ருசி இதுதான்: கருப்பட்டியின் லேசான கசப்பும் சுக்கு வாசனையும், கடித்ததும் உள்ளிருந்து வருகிற பாகும். மற்றதெல்லாம் தித்திப்பாகவே போய்க்கொண்டிருக்கும்போது இது ஒன்றுதான் நாக்கைத் திருப்பிப் போடும். ஆனால் தட்டுக்கு வந்தால் மோசமான ஆள். பாகு வடிந்துகொண்டே இருக்கும், எடுத்தவர் விரலெல்லாம் ஒட்டும், பட்டுச்சேலையில் பட்டால் கறை போகாது. காலையிலேயே சல்லடை மேல் பரப்பி வடியவிட்டு, பிறகு தனியாக ஒரு சில்வர் தட்டில் வைத்து, பக்கத்தில் இலைத் துண்டு வையுங்கள், இலையோடு எடுத்துக்கொள்ளட்டும். பெரிய தட்டுக்குள் இதைச் சேர்க்காதீர்கள்.

கீழக்கரை தொதல் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய கறுத்த பண்டம், ரொம்ப நாள் கெடாது, வெட்டினால் நிற்கும். மஸ்கோத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டின் நிறமும் நன்றாக எடுத்துக் காட்டும். பழனி பஞ்சாமிர்தத்தை யாரோ தட்டில் வைக்கலாமே என்றார்கள், அது பிரசாதம், கையில் ஒரு துளி வாங்குவதற்கானது, அலங்காரத் தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதிரசம் வீட்டில் சுட்டதுதான் வைத்தோம், இரண்டு அதிரசத்துக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்து, ஒருநாள் முழுக்க ஆறவிட்ட பிறகு. கடை அதிரசம் வேண்டாம், பெரும்பாலும் எண்ணெய் குடித்து கனத்திருக்கும்.

வெள்ளி இழை ஒட்டிய இனிப்பு வேண்டாம் என்பது என் முடிவு. வாங்கியே தீர வேண்டும் என்றால், உண்ணத் தகுந்த வெள்ளி இழைக்கு 2016-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ தரம் நிர்ணயித்திருக்கிறது: வெள்ளி ஆயிரத்துக்கு 999 தூய்மை இருக்க வேண்டும், தயாரிப்பில் விலங்குப் பொருள் எதுவும் சேரக் கூடாது. கடையில் கேட்டால் விவரம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் நல்ல இழை கரைந்து காணாமல் போகும், சுருண்டு உருண்டையாக நின்றால் அலுமினியம்.

இனித் தட்டுகள். இணையத்தில் வாங்கிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தட்டு ஒன்று, ஓரம் முழுக்க கண்ணாடிச் சில்லும் ஜரிகையும் ஒட்டியது, கடைப்பெயர் வேண்டாம். பெட்டியைப் பிரிக்கும்போதே ரெண்டு சில்லு உதிர்ந்தது. இனிப்புக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அதைப் பூத்தட்டாக மாற்றிவிட்டோம். அந்தப் பலகையை ஈரத் துணியால் துடைத்தால் ஓரம் உப்பிவிடுகிறது, இன்னொரு விசேஷத்துக்கு எடுக்க முடியாது. வெல்வெட் துணி ஒட்டிய தட்டும் அப்படித்தான், ஒருமுறை நெய் பட்டால் போச்சு. இந்த மாதிரித் தட்டுகளை இனிப்புக்கு வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வளையல், குங்குமம், துணி வைக்கப் பொருத்தமாக இருக்கும்.

பித்தளைத் தாம்பாளம்தான் அழகில் முதலிடம். வீட்டில் பாட்டி காலத்தது ஒன்று இருந்தது, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததும் அந்த மஞ்சள் மினுக்கம் வந்தது பாருங்கள், அதற்கு ஈடாக ஒரு தட்டும் இல்லை. ஈயம் பூசாத பித்தளையில் ஈரமான பண்டத்தை நேரடியாக வைக்கக் கூடாது, நிறம் மாறும், உடம்புக்கும் ஆகாது. இலை விரித்து, ஒழுகுகிறதைத் தொன்னையில் வைத்தால் பிரச்சினை இல்லை. தாம்பாளம் இல்லாதவர்கள் அதற்காக வாங்கச் செலவு செய்ய வேண்டாம். ஓரம் உயர்ந்த சாதாரண சில்வர் தாம்பாளம் போதும், இலை விரித்த பிறகு அடியில் என்ன உலோகம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? 14 அங்குலம் நல்ல அளவு. அதற்கு மேல் போனால் இனிப்பைப் போட்டுத் தூக்கும்போது ஒருத்தர் கையில் நிற்காது.

செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் சிறியதாகக் கிடைத்தால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டானுக்கும் 2013-இலிருந்து புவிசார் குறியீடு இருக்கிறது, காரைக்குடிப் பக்கம் பெண்கள் பின்னுகிறார்கள். கடலை மிட்டாயோ முறுக்கோ போட்டு தட்டின் ஓரத்தில் வைத்தால் தட்டுக்கு ஒரு களை வருகிறது. விசேஷம் முடிந்த பிறகும் வீட்டில் நாள்பட உழைக்கும். நெய்ப்பண்டம் மட்டும் அதில் போடாதீர்கள், ஓலை நெய்யைக் குடித்துவிட்டால் சிக்கு வாடை போகாது.

வாழையிலையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சையாக அப்படியே விரித்தால் வளையும்போது கிழியும், தட்டின் வளைவுக்குப் படியாது. தீயில் லேசாக, நிறம் கொஞ்சம் கறுத்து மினுங்குகிற வரை வாட்டி எடுங்கள். ஈரம் சுத்தமாகப் போகத் துணியால் துடைத்துவிட்டு விரியுங்கள். நடு நரம்பை வெட்டி எடுத்துவிட்டால்தான் மேலே வைக்கிற இனிப்பு சாயாமல் இருக்கும். இலையைத் தட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டி விடுங்கள், பச்சை ஓரம் தெரிய வேண்டும்.

அடுக்குகிற விதத்தில் நாங்கள் கண்டது இதுதான். நடுவில் அல்வாத் தொன்னைகள் கூட்டமாக. ஒரு பக்கம் பால்கோவாக் கிண்ணம், அதற்கு எதிர்ப்பக்கம் கடலை மிட்டாய் அடுக்கு, இரண்டும் உயரம் என்பதால் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரியாது. மஸ்கோத்தும் தொதலும் இடையில் சாய்வாக வரிசை. மக்ரூன் வெளி ஓரத்தில், அல்வாவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கடைசி நிமிடத்தில். எல்லா இடைவெளியையும் நிரப்ப வேண்டும் என்று பூவும் செர்ரியும் கொண்டு திணிக்காதீர்கள். அங்கங்கே பச்சை தெரிந்தால்தான் இனிப்பு தெரியும். மல்லிகைப்பூ வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, வாசனை பால்கோவாவில் ஏறிவிடும், வேண்டாம். சாப்பிட முடியாத எதையும் தட்டில் வைக்காமல் இருந்தால் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

இனிப்பு மட்டுமே வைத்தால் நாலு பேர் ஒன்றுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் மணப்பாறை முறுக்கோ சாத்தூர் காராச்சேவோ இருக்க வேண்டும். காரம் ஒரு வாய் போட்டவர்கள் திரும்ப அல்வாவுக்கு வருவார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அளவு எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கிற தட்டு என்றால் ஆளுக்கு 60 முதல் 80 கிராம் கணக்கு வைத்தால் போதும். 25 பேருக்கு எல்லா இனிப்பும் சேர்த்து 2 கிலோ. அதில் அல்வாவும் பால்கோவாவும் பாதி, மீதிப் பாதியை மற்றவற்றுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மக்ரூன் எடையில் ரொம்ப லேசு, கால் கிலோவே தட்டில் நிறையத் தெரியும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் ஏற்றாமல் பாதியை உள்ளே வைத்துக்கொண்டு, காலியாகக் காலியாக வந்து நிரப்பினால் தட்டு கடைசி வரை நன்றாக இருக்கும். அதற்கு ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், விசேஷ வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாருமே பார்க்க மாட்டார்கள்.

வாங்கி வருவது சிரமம் என்று நினைக்க வேண்டாம். மதுரையிலிருந்து கிளம்பினால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக வருகின்றன, ஒரு நாளில் போய்த் திரும்பலாம். போகும்போது எதையும் வாங்காதீர்கள், வண்டியில் வெயிலில் கிடக்கும். திருநெல்வேலியில் தொடங்கித் திரும்பி வரும் வழியில் வாங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தனி வழி. பால்கோவாவை மட்டும் விசேஷத்தன்று காலையிலோ முந்தின நாள் சாயங்காலமோ வாங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலேயே இந்த ஊர்ப் பெயர்களைப் போட்டு விற்கிற கடைகள் இருக்கின்றன. கடலை மிட்டாய் அப்படி வாங்கினால் பரவாயில்லை, புவிசார் குறியீட்டு முத்திரை போட்ட பொட்டலமாகப் பார்த்து எடுங்கள். மக்ரூன் மட்டும் வேண்டாம், என்றைக்கு வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

மிஞ்சியதை எடுத்து வைப்பதற்கு: மக்ரூனை உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள், அரிசித் துணிமூட்டை ஒன்று உள்ளே போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பால்கோவாவை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், தட்டில் இருந்து மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் கொட்டி உள்ளே இருக்கிற நல்லதோடு கலக்காதீர்கள். அல்வாவை ஒரு வாரம் வரை வெளியிலேயே வைக்கலாம், சாப்பிடும் முன் வெந்நீரில் இளக்கிக்கொண்டால் போதும். கருப்பட்டி மிட்டாய் மிஞ்சவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.